ரயில்வே அப்ரண்டிஸ்: சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பையனுக்கு ரயில்வேயில் கிடைத்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வரும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். என்ன கிடைத்தது என்று விசாரித்தால் அப்ரண்டிஸ் பயிற்சியாக இருக்கும். மகிழ்ச்சியான செய்திதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பயிற்சி முடிந்து பிள்ளை சான்றிதழோடு வீட்டுக்கு வந்து உட்காரும்போது அதே பெற்றோர் முகம் வாடி வருகிறார்கள். "இத்தனை நாள் அங்கே வேலை பார்த்தவனை ஏன் அனுப்பிவிட்டார்கள்? யாரையாவது பார்த்தால் உள்ளே எடுத்துக்கொள்வார்களா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்காகவே காத்திருக்கும் தரகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வீட்டு நகை அடகுக்குப் போவது அதற்குப் பிறகுதான். அதனால் இந்தப் பயிற்சி என்ன, உள்ளே பிள்ளை என்ன செய்கிறான், முடித்த பிறகு என்ன நடக்கும் என்பதை இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அரசு ஆவணங்களில் அப்ரண்டிஸைத் தொழிற்பழகுநர் என்பார்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுதிச் சேருகிறவர் அவர். பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். சட்டத்தின் பார்வையில் அவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல. மாதாமாதம் வங்கிக் கணக்கில் வருவது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நிர்வாகத்துக்குக் கிடையாது. 2014இல் சட்டத்தைத் திருத்தியபோது, தன்னிடம் பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்தார்கள். ரயில்வேயின் கொள்கை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே பெற்றோரும் பிள்ளையும் இதைப் புரிந்துகொண்டால் பாதி மனவருத்தம் குறையும்.

தமிழ்நாட்டில் இதற்கான இடங்கள் நிறையவே உண்டு. 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு திறந்துவைத்த பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலை, அதே பெரம்பூரில் உள்ள தெற்கு ரயில்வேயின் பணிமனைகள், நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் இடம் மாறி வந்த திருச்சி பொன்மலைப் பணிமனை, போத்தனூர் சிக்னல் பணிமனை ஆகியவை பெரியவை. இவை தவிர ஆவடி, அரக்கோணம், ஈரோடு போன்ற ஊர்களின் ஷெட்டுகளும் இருக்கின்றன. ஐ.சி.எஃப். தனியாக அறிவிக்கை வெளியிடும், தெற்கு ரயில்வே தனியாக வெளியிடும். ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றொன்றுக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்து ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகள் உண்டு. 2024இல் ஐ.சி.எஃப். மட்டும் 1010 இடங்களுக்கு அறிவிக்கை விட்டது.

தேர்வு முறையில் ஒளிவு மறைவு இல்லை. எழுத்துத் தேர்வு கிடையாது, நேர்முகமும் கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண், ஐ.டி.ஐ. முடித்தவர் என்றால் அந்த மதிப்பெண் என அறிவிக்கையில் சொல்லியிருக்கும் கணக்கின்படி தரவரிசைப் பட்டியல் போடுகிறார்கள். அதன் பிறகு சான்றிதழ் சரிபார்ப்பும் மருத்துவத் தகுதியும்தான். பத்தாம் வகுப்பில் பொதுவாக 50 விழுக்காடு வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. மதிப்பெண்ணை வைத்துப் போடும் பட்டியலில் எந்தத் தரகரால் எந்த இடத்தை வாங்கித் தர முடியும்? பட்டியலில் தானாக வந்துவிடக்கூடிய பிள்ளையிடம் பணம் வாங்கி வைத்துக்கொள்வதும், வராவிட்டால் "அடுத்த முறை பார்க்கலாம்" என்று இழுப்பதும்தான் அவர்கள் செய்யும் தொழில். கொடுத்த பணம் திரும்பி வந்ததாக எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்துவிட்டு நேரே வருகிறவர்களைப் பிரஷர் என்பார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சி. பிரஷர்களுக்குத் தொழிற்பிரிவைப் பொறுத்து அதைவிடக் கூடுதல், இரண்டு ஆண்டுகள் வரை போகும். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட், கார்பென்டர், பெயின்டர் என்று பிரிவுகள். பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்கு ரயில்வே மருத்துவமனையின் ஆய்வகப் பயிற்சியும் உண்டு. பெண் பிள்ளைகளை இதற்கெல்லாம் அனுப்பத் தயங்குகிற பெற்றோர், ஒரு முறை அந்த ஆய்வகத்தையோ எலக்ட்ரிகல் பிரிவையோ பற்றி விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். டிப்ளமோ, பி.இ. முடித்தவர்களைத் தெற்கு ரயில்வேயின் இந்த அறிவிக்கைகளில் ஏற்பதில்லை. அவர்களுக்கான பயிற்சியைச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் கவனிக்கிறது.

நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் சாதிச் சான்றிதழ். மாநில அரசில் நமக்குப் பி.சி.எம். என்று 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அந்தச் சான்றிதழை ரயில்வேயில் நீட்டினால் செல்லாது. ரயில்வே மத்திய அரசு. அங்கே கேட்பது மத்தியப் பட்டியலின்படியான ஓ.பி.சி. சான்றிதழ், கிரீமிலேயரில் வராதவர் என்ற குறிப்போடு, மத்திய அரசின் படிவத்தில். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் பிரிவினர் மத்தியப் பட்டியலில் இருக்கிறார்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாப் பிரிவும் மத்தியப் பட்டியலில் இல்லை. அப்படி இல்லாதவர்கள் வருமான வரம்புக்குள் இருந்தால் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான சான்றிதழுக்கு முயலலாம். ஓ.பி.சி. பிரிவினருக்கு வயதில் 3 ஆண்டு தளர்வு கிடைக்கிறது. 22, 24 என்று வயது வரம்பு வைத்திருக்கும் இடத்தில் அந்த 3 ஆண்டு பெரிய விஷயம்.

இன்னொன்று பெயர். பள்ளிச் சான்றிதழில் முகமது ஓர் எழுத்துக்கூட்டில் இருக்கும், ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டில் இருக்கும், ஐ.டி.ஐ. சான்றிதழில் இனிஷியல் முன்னால் வரும், வங்கிக் கணக்கில் பின்னால் வரும். தரவரிசையில் பெயர் வந்த பிறகு இதைச் சரிசெய்ய ஓடினால் நாள் போதாது. அறிவிக்கை வராத மாதங்களில் செய்துவைக்க வேண்டிய வேலை இது.

பணிமனைக்கு உள்ளே

முதல் சில வாரங்கள்தாம் பிரஷர்கள் அதிகம் வெறுக்கும் வாரங்கள். அடிப்படைப் பயிற்சி மையத்தில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, வைஸில் பிடித்து, அரத்தால் ராவச் சொல்வார்கள். நாள் முழுக்க ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும், தோள் வலிக்கும். பயிற்றுநர் வந்து டிரை ஸ்கொயரை அந்தத் துண்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். இடையில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் "மறுபடி ராவு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வந்தே பாரத் ரயிலைச் செய்த இடத்துக்கு வந்து, இரும்புத் துண்டை ராவிக்கொண்டிருக்கிறோமே என்று பிள்ளைகள் வீட்டுக்குப் போன் செய்து புலம்புவது இந்தக் கட்டத்தில்தான். படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. பெற்றோர் இங்கே கொஞ்சம் உறுதியாக இருக்க வேண்டும்.

அந்த ராவுதல் எதற்கு என்பது பின்னால் சக்கரப் பிரிவுக்குப் போகும்போது புரியும். ஐ.சி.எஃப். வகைப் பெட்டியின் புதுச் சக்கரம் 915 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஓடி ஓடித் தேய்ந்ததைக் கடைசல் எந்திரத்தில் கடைந்து கடைந்து உருவத்தைச் சரிசெய்வார்கள். 825 மில்லிமீட்டருக்கு வந்தால் அந்தச் சக்கரத்தின் ஆயுள் முடிந்தது. கடைந்து முடித்ததும் ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களுக்கும் இடையே விட்டத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. ஒரே போகியில் உள்ள சக்கரங்களுக்குள் 5 மில்லிமீட்டர் வரை, ஒரே பெட்டிக்குள் 13 மில்லிமீட்டர் வரை அனுமதி. இத்தனை பெரிய இரும்புச் சக்கரத்தில் அரை மில்லிமீட்டரா என்று முதலில் சிரிப்பு வரும். ஒரு சக்கரம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் அச்சு ஒரு பக்கமாக இழுக்கும், விளிம்பு தண்டவாளத்தில் உரசித் தேயும். அந்தப் பெட்டியில் நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் இரவில் தூங்கிக்கொண்டு போகிறார்கள். அளவுகோலை நம்பத் தெரிந்த கை, வைஸ் முன்னால் நின்ற அந்த வாரங்களில்தான் உருவாகிறது.

பிரேக் பிரிவில் இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கும். காற்றின் அழுத்தம் ஏறினால் பிரேக் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்துப் போகிறார்கள். நடப்பது நேர்மாறு. ரயிலின் நீளம் முழுக்க ஓடும் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விடுபட்டு நிற்கும். அழுத்தம் குறைந்தால், ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் சேமித்து வைத்திருக்கும் காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து பிரேக் பிடிக்கும். ஓடும் ரயிலில் இணைப்பு அறுந்து பெட்டிகள் பிரிந்தால் குழாயும் அறுந்து, அழுத்தம் போய், இரண்டு பகுதியும் தாமாகவே நின்றுவிடும். நாம் அபாயச் சங்கிலியை இழுக்கும்போதும் இதே குழாயிலிருந்துதான் காற்று வெளியேறுகிறது. பயிற்சி முடித்து வந்த பிள்ளைகளிடம் என்ன கற்றாய் என்று கேட்டால், பெரும்பாலும் இதைத்தான் முதலில் உற்சாகமாக விளக்குகிறார்கள். கெட்டுப்போனாலும் ஆபத்தில்லாத பக்கமாகவே கெட்டுப்போக வேண்டும் என்ற இந்த யோசனை, பிறகு அவர்கள் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் பயன்படுகிறது.

இப்படி ஒவ்வொரு பிரிவாக மாற்றி அனுப்புவார்கள். பெட்டியைக் கிரேனில் தூக்கி போகியிலிருந்து பிரிக்கும் இடம், பற்றவைப்பு, பெயின்ட், மின்சாரம். பொன்மலை போன்ற இடங்களில் இன்னும் விசேஷமான வேலைகளைப் பார்க்கலாம். உதகை மலை ரயிலுக்கு நீராவி என்ஜின்களைக் கட்டித் தந்தவர்கள் பொன்மலைத் தொழிலாளர்கள்.

எல்லாப் பிரிவிலும் ஒரே மாதிரி கற்றுக்கொடுப்பார்கள் என்று நாங்கள் உறுதி தர மாட்டோம். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய டெக்னீஷியன்கள் சிலர் தம் பிள்ளைபோல அருகில் நிறுத்திச் சொல்லித் தருவார்கள். வேறு சில பிரிவுகளில் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க அப்ரண்டிஸைச் சாமான் தூக்கவும் தேநீர் வாங்கவும் பயன்படுத்துவது உண்டு. ஒரு பணிமனையில் மூன்று மாதம் வெறும் பெருக்கும் வேலைதான் கிடைத்தது என்று சொன்ன பிள்ளையும் எங்களிடம் வந்திருக்கிறான். அப்போது சண்டைக்குப் போவதில் பயனில்லை. தினமும் என்ன வேலை செய்தோம் என்பதைக் குறிப்பேட்டில் தவறாமல் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பெருக்கினேன் என்று மூன்று நாள் தொடர்ந்து எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினால் நான்காம் நாள் ஸ்பேனரைக் கொடுப்பார்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் பயிற்சிப் பொறுப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேட்கலாம், இது உரிமை. கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைக்கு ஒரு சின்ன யோசனையும் சொல்வோம்: உங்களுக்கு என்று ஒதுக்கிய வேலை முடிந்ததும் கைப்பேசியை எடுக்காமல் பக்கத்தில் வேலை செய்பவரிடம் போய் நில்லுங்கள். கேள்வி கேட்கிற பையனைப் பழைய ஆட்களுக்குப் பிடிக்கும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். காலணி, தலைக்கவசம், வெல்டிங் கண்ணாடி இவற்றில் அலட்சியம் கூடாது. தொங்கும் பாரத்தின் கீழே ஒருபோதும் நிற்கக் கூடாது. ரயிலுக்கு மேலே போகும் மின்கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது, அதைத் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே போதும், இழுத்துவிடும். பயிற்சியின்போது விபத்தில் காயம் ஏற்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிர்வாகத்துக்கு உண்டு என்று தொழிற்பழகுநர் சட்டம் சொல்கிறது. எனவே காயம் சின்னதாக இருந்தாலும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். விடுப்பு பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. நிறுவனத்துக்குத் தனி விடுப்பு விதி இல்லாத இடத்தில் ஆண்டுக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள், மருத்துவ விடுப்பு 15 நாள் என்று விதிகளில் இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் வருகைப்பதிவு குறைந்து, தேர்வுக்கு உட்கார முடியாமல் போகும்.

ஜும்ஆவுக்குப் போய்வருவதைப் பற்றி அம்மாமார்கள் கேட்கிறார்கள். உணவு இடைவேளைக்குள் முடிகிறதா என்பது ஒவ்வோர் இடத்துக்கும் மாறும். சேர்ந்த முதல் வாரமே பயிற்றுநரிடம் மரியாதையாகச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சிக்கல் வந்ததில்லை; கேட்காமல் நழுவிப்போனவர்களுக்கு வந்திருக்கிறது. நோன்பு மாதத்தில் வெல்டிங், லிஃப்டிங் பிரிவில் இருப்பவர்கள் தலைசுற்றல் வந்தால் கௌரவம் பார்க்காமல் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார வேண்டும். அங்கே தடுமாறினால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

உதவித்தொகையும் வீட்டுச் செலவும்

2019இல் திருத்திய விதிகளின்படி ஐ.சி.எஃப். அறிவிக்கைகளில் பத்தாம் வகுப்பு முடித்த பிரஷருக்கு மாதம் 6000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கும் ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் 7000 ரூபாய் என்று இருந்தது. புது அறிவிக்கையில் தொகை மாறியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். விடுதி வசதி பொதுவாகக் கிடையாது. பெரம்பூரில் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தாலும், வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. குடும்பத்தில் மூத்த பிள்ளை, உடனே சம்பாதித்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால், சேரும் முன்பே இந்தக் கணக்கை உட்கார்ந்து பேசிவிட வேண்டும். நடுவில் விட்டுவிட்டு வருவது எல்லாவற்றையும் விட நஷ்டம். ஏற்கெனவே ஓரிடத்தில் அப்ரண்டிஸ் முடித்தவரோ, இப்போது பயிற்சியில் இருப்பவரோ மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முடித்த பிறகு

பயிற்சியின் முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுத வேண்டும். தேறியவர்களுக்கு என்.ஏ.சி. எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். பயிற்சியை முழுதாக முடித்துவிட்டு, ஏதோ ஒரு கல்யாணத்துக்காகத் தேர்வைத் தவறவிட்டவர்களும் இருக்கிறார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் இனி சொல்லப்போகும் எதுவும் பொருந்தாது.

ரயில்வேயின் கொள்கை இதுதான்: லெவல் 1 பணியிடங்களில் 20 விழுக்காட்டை, ரயில்வேயில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்ற அப்ரண்டிஸ்களுக்கு ஒதுக்குகிறார்கள். 2019 அறிவிக்கையில் மொத்தம் 1,03,769 இடங்களில் 20,734 இடங்கள் இவர்களுக்கு. ஒதுக்கீடு இருந்தாலும் கணினித் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். இந்த 20 விழுக்காடு போதாது, எல்லோரையும் நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு 2018 மார்ச் 20 அன்று மும்பையில் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே அப்ரண்டிஸ்கள் தண்டவாளத்தில் அமர்ந்து நகரத்தின் ரயில்களையே நிறுத்தினார்கள். அவர்களின் ஆதங்கம் நியாயமானது என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, பிள்ளைகளின் திட்டம் அந்த விதியை வைத்துத்தான் அமைய வேண்டும்.

காலக்கணக்கையும் பாருங்கள். 2019 மார்ச்சில் விண்ணப்பித்தவர்களுக்குத் தேர்வு நடந்தது 2022 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. அடுத்த லெவல் 1 அறிவிக்கைக்கு விண்ணப்பம் வாங்கியது 2025 ஜனவரியில், 32,438 இடங்களுக்கு. இடையே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். அத்தனை காலமும் வீட்டில் உட்கார்ந்து "ரயில்வே கூப்பிடும்" என்று காத்திருந்தால் ராவிய கையும் மறந்துவிடும்.

லெவல் 1 ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் தேர்வுகளுக்கும் தொடர்புடைய பிரிவில் அப்ரண்டிஸ் முடித்த சான்றிதழ் தகுதியாகிறது. ஆண்டுதோறும் எந்தக் காலாண்டில் எந்தத் தேர்வுக்கான அறிவிக்கை வரும் என்று 2024இல் ரயில்வே ஒரு அட்டவணையை அறிவித்தது. அதன்படி உதவி லோகோ பைலட் ஆண்டின் முதல் மூன்று மாதங்களிலும், டெக்னீஷியன் அடுத்த மூன்று மாதங்களிலும், லெவல் 1 கடைசி மூன்று மாதங்களிலும் வர வேண்டும். தேர்வில் கேட்பது பத்தாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் பொது அறிவும் என்பதால், பயிற்சிக் காலத்திலேயே தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படிப்பவர்களுக்குப் பின்னால் சுலபமாகிறது.

இடைக்காலத்தில் தனியார் தொழிற்சாலையிலோ மெட்ரோ பராமரிப்பு ஒப்பந்தப் பணியிலோ சேர்ந்து தொழிலைக் கைவிடாமல் வைத்திருப்பது நல்லது. வளைகுடாவுக்குப் போகிறவர்களும், ஹெல்பர் விசாவில் அவசரப்பட்டுப் போகாமல், என்.ஏ.சி.யைக் காட்டி ஃபிட்டராகவோ வெல்டராகவோ எலக்ட்ரீஷியனாகவோ போகவே முயல வேண்டும். போவதற்கு முன் அசல் சான்றிதழ்களை ஏஜென்டிடம் கொடுத்துவிடாமல் வீட்டில் வையுங்கள், நகல் போதும்.

இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மதிப்பெண் பட்டியல் வரும் வரை காத்திராமல் ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்து அருகருகே வைத்துப் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தாலோ, ஓ.பி.சி. சான்றிதழ் மத்தியப் படிவத்தில் வாங்குவதில் சந்தேகம் இருந்தாலோ, மூன்றின் நகலையும் எடுத்துக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள்.